எல்லா மையும் ஒன்றுதானாம்

“எல்லா மையும் ஒண்ணுதான் சார். பாட்டில் மட்டும்தான் வேற.”

2016-இல் சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர் என்னிடம் இப்படிச் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. மை விற்பது அவர் பிழைப்பு. அதை நம்பி வாங்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்குப் பஸ் ஏறியவன் நான். ஆனால் சென்ற மாதம் அதே வாக்கியத்தை, கிட்டத்தட்ட அதே தொனியில், ஒரு நண்பர் சொன்னபோது கோபம் வந்தது. அவர் கடைக்காரர் அல்ல. இருபது வருடங்களாகக் கருப்பு வெள்ளையில் மட்டுமே படமெடுப்பவர். நிழலைப் பற்றி ஒரு மணி நேரம் பேசக்கூடியவர். இப்போது வீட்டிலேயே ஒரு டேங்க் பிரிண்டர் வாங்கி அச்சுப் போட ஆரம்பித்திருக்கிறார். கேட்பவர்களுக்குப் படங்களைக் கொடுக்கவும் செய்கிறார்; சிலரிடம் காசும் வாங்குகிறார். “கருப்பு வெள்ளைக்கு எந்த மை போட்டா என்னய்யா? கிரேஸ்கேல்னு ஒரு டிக் பண்ணினா வந்துடப் போகுது. மையைப் பத்திப் பேசறதெல்லாம் வெறும் கருவி மோகம். படம் கண்ணுல இருக்கு, பாட்டில்ல இல்ல” என்றார்.

கடைசி வாக்கியம் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அதனால்தான் ஆபத்து. அன்று டீக்கடையில் பாதியில் நின்றுபோன சண்டையின் மீதியை இங்கே போடுகிறேன்.

முதலில் நான் செய்த காரியத்தைச் சொல்லிவிட வேண்டும். ரிச்சி தெருவிலிருந்து கொண்டுவந்த அந்த ஆறு பாட்டில்களை என் பிரிண்டரில் ஊற்றி, சின்னாளப்பட்டியில் ஒரு நெசவாளர் தெருவில் நான் எடுத்த நாற்பது முகங்களை அச்சிட்டேன். ஏ4 அளவு, பளபளக்கும் தாள். ஒவ்வொரு வீடாகப் போய் இலவசமாகக் கொடுத்தேன். பெரிய மனிதன் ஆகிவிட்ட மாதிரி இருந்தது. அந்தத் தெருவில் ஒரு பாட்டி, தறியில் உட்கார்ந்த நிலையில் எடுத்த தன் படத்தை வெகுநேரம் பார்த்துவிட்டு, “இம்புட்டுச் சுருக்கமா எனக்கு?” என்று சிரித்தது ஞாபகம் இருக்கிறது.

2020-இல் அந்தப் பாட்டி இறந்துபோனார். ஊரடங்கு காலம். ஸ்டுடியோ எதுவும் திறந்திருக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரே பெரிய படம் நான் கொடுத்தது. அதையே சட்டம் போட்டு மாட்டியிருக்கிறார்கள். அடுத்த வருடக் கடைசியில் நான் அந்த வீட்டுக்குப் போனபோது சுவரில் இருந்த முகம் பச்சையாக இருந்தது. லேசான பச்சை அல்ல, குளத்துப் பாசியின் பச்சை. நெற்றியும் கன்னமும் வெளிறிப்போய், கண்குழியில் மட்டும் கொஞ்சம் கருப்பு ஒட்டிக்கொண்டிருந்தது. பக்கத்திலேயே அவருடைய கணவரின் படம், எழுபதுகளில் ஏதோ ஸ்டுடியோவில் எடுத்தது. ஓரத்தில் கொஞ்சம் மஞ்சளித்திருந்தது, அவ்வளவுதான். ஐம்பது வருடப் படத்தில் மனிதர் முழுசாக இருக்கிறார். ஐந்து வருடப் படத்தில் மனுஷி போய்க்கொண்டிருக்கிறார்.

நான் பேச்சில்லாமல் நின்றதைப் பார்த்துப் பாட்டியின் மகள் சொன்னார்: “படம் நல்லாத்தான் இருந்துச்சு தம்பி. நாங்கதான் வெளிச்சம் படுற எடத்துல மாட்டிட்டோம். எங்க தப்புதான்.”

நண்பரே, உங்கள் ‘எந்த மை போட்டா என்ன’வுக்கு என் பதில் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பிக்கிறது. மை மட்டமானது. அதை ஊற்றியவன் நான். மன்னிப்புக் கேட்டது அந்த அம்மா.

சரி, என்ன நடந்தது என்று பார்ப்போம். சாதாரண வீட்டு பிரிண்டரில் ஒரு கருப்பு வெள்ளைப் படத்தை அச்சிடும்போது தாளில் விழுவதில் பெரும்பகுதி கருப்பு மை அல்ல. சயான், மஜெந்தா, மஞ்சள் மூன்றையும் நுண்ணிய புள்ளிகளாகத் தூவி, தூரத்திலிருந்து பார்க்கும் கண்ணைச் சாம்பல் என்று நம்பவைக்கிறது பிரிண்டர். கருப்பு மை அடர்ந்த நிழல்களில் மட்டும் வந்து சேரும். சந்தேகம் இருந்தால் கடிகாரம் பழுதுபார்ப்பவர் கண்ணில் செருகிக்கொள்வாரே, அந்த லென்ஸை வைத்து உங்கள் அச்சின் சாம்பல் பகுதியைப் பாருங்கள். ஹோலிப் பண்டிகை முடிந்த தெரு மாதிரி இருக்கும்.

சில பிரிண்டர்களில் இன்னொரு வேடிக்கை உண்டு. அலுவலகக் கடிதத்துக்கென்று நல்ல நிறமிக் கருப்பு மையை ஊற்றி வைத்திருப்போம். ஆனால் தாள் வகையில் ‘போட்டோ பேப்பர்’ என்று தேர்ந்தெடுத்தால் அந்தக் கருப்பை பிரிண்டர் தொடவே தொடாது. அந்த மை பளபளத் தாளில் ஒட்டாது என்பதால், மற்ற மூன்றைக் கலந்தே கருப்பு செய்யும். நீங்கள் கருப்பு வெள்ளைப் படம் அச்சிடுகிறீர்கள், பிரிண்டரோ கருப்பே இல்லாமல் அதைச் செய்துமுடிக்கிறது.

மூன்று பேர் சேர்ந்து தூக்கும் கட்டிலில் ஒருவர் கைவிட்டால் என்ன ஆகுமோ அதுதான் அந்தச் சாம்பலுக்கும் ஆகும். சாய மையின் மூன்று நிறங்களும் ஒரே வேகத்தில் மங்குவதில்லை. என் மலிவு மையில் மஜெந்தா முதலில் கிளம்பிவிட்டது. மிச்சமிருந்த சயானும் மஞ்சளும் சேர்ந்தால் பச்சை. ஒரு வண்ணப் படத்தில் இதே அளவு மஜெந்தா போயிருந்தால் சேலை கொஞ்சம் வெளுத்துவிட்டது என்று தாண்டிப் போயிருப்போம். சாம்பலில் அது முடியாது. நடுநிலையான சாம்பல் துளி சாய்ந்தாலும் கண் கண்டுபிடித்துவிடும். ஆகவே வண்ணப் படத்துக்குப் போதுமான மை கருப்பு வெள்ளைக்குத் தாராளமாகப் போதும் என்று நினைப்பது தலைகீழ். கருப்பு வெள்ளைதான் மையிடம் அதிகம் கேட்கிறது.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிட வேண்டும். நம் ஆட்கள் மையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் உடனே ‘அசலா, டூப்ளிகேட்டா’ என்ற சண்டைக்குப் போய்விடுவார்கள். கம்பெனி மையை வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று ஒரு கட்சி. அது கொள்ளை என்று இன்னொரு கட்சி. இரண்டுமே தவறான இடத்தில் நின்று கத்துகின்றன. கேட்க வேண்டிய முதல் கேள்வி வேறு: இது சாயமா, நிறமியா? சாயம் என்பது நீரில் கரைந்து நிற்கும் மூலக்கூறு. தாளின் பூச்சுக்குள் ஊறிவிடும், பளிச்சென்று இருக்கும். அதன் நிறம் அதன் பிணைப்புகளில் இருக்கிறது. வெளிச்சமோ காற்றிலுள்ள ஓசோனோ அந்தப் பிணைப்பை உடைத்தால் நிறம் போச்சு. நிறமி கரைவதில்லை, நுண்ணிய துகளாக மிதக்கும், தாளில் துகளாகவே தங்கும். வெளிப்புறம் அடிவாங்கினாலும் உட்புறம் மிஞ்சும். நல்ல கம்பெனியின் அசல் சாய மையும் சாயம்தான். நிதானமாக மங்கும், அவ்வளவே. மலிவு பாட்டில் ஓட்டமாக ஓடும்.

இதை நான் புத்தகம் படித்து மட்டும் சொல்லவில்லை. பாட்டி வீட்டிலிருந்து வந்த அடுத்த சித்திரையில் மொட்டை மாடியில் மூன்று அச்சுத் துண்டுகளைக் கண்ணாடிக்கடியில் வைத்தேன். ஒவ்வொன்றிலும் பாதியைக் கருப்பு அட்டையால் மூடினேன். ஒன்று என் பழைய மலிவு மை, ஒன்று கம்பெனிச் சாய மை, ஒன்று கரி மை. மலிவு மை பத்தாம் நாளே பல்லிளித்தது. கம்பெனி மை நாற்பது நாளில் லேசாகச் சிவப்பேறியது. மூன்றாவதில் மூடிய பாதிக்கும் மூடாத பாதிக்கும் மையில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. தாள்தான் கொஞ்சம் பழுத்திருந்தது. வெள்ளையாகத் தெரிவதற்காகத் தாளில் சேர்க்கும் ஒளிர்பொருள் வெயிலில் செத்துவிடும், அதுதான் காரணம். யார் வேண்டுமானாலும் தங்கள் மாடியில் இதைச் செய்யலாம். செலவு ஒரு துண்டுக் கண்ணாடி.

வீட்டு பிரிண்டர் உலகம் இதை எப்போதோ அனுபவித்துவிட்டது என்பதுதான் எரிச்சல். 2000-இல் எப்சனின் புதிய சாய மை பிரிண்டர்களில் வந்த படங்கள் சில இடங்களில் வாரக்கணக்கிலேயே ஆரஞ்சு நிறத்துக்குத் திரும்பின. சயானை ஓசோன் தின்றுவிட்டது. அதே வருடம் நிறமி மையோடு வந்த 2000பி என்ற மாடல் மங்கவில்லை, ஆனால் வேறு கூத்து காட்டியது. குண்டு பல்பின் கீழே சாம்பலாக இருக்கும் படம், ஜன்னலருகே கொண்டுபோனால் பச்சை. வண்ணத் துகள்களைக் கலந்து செய்த சாம்பல் வெளிச்சத்துக்கு வெளிச்சம் வேஷம் மாறும் என்று அப்போது எல்லோருக்கும் உறைத்தது. 2002-இல் ஒரு சாம்பல் மையைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். 2005-இல் கே3 என்று பெயரிட்டு மூன்று அடர்த்திகளில் கருப்பு மை கொடுத்தார்கள். கூடவே கருப்பு வெள்ளைக்கென்று தனி அச்சுமுறை. மூன்று கருப்புகளே பெரும்பாலும் வேலை செய்யும், வண்ணம் துளித்துளி மட்டும் தொட்டுக்கொள்ளும். அதாவது, கருப்பு வெள்ளைக்கு நிறையக் கருப்பு வேண்டும் என்று பிரிண்டர் செய்கிறவனே ஒப்புக்கொண்டு இருபது வருடம் ஆகிறது. டிக் பண்ணினால் போதும் என்று நாம் இன்னும் டீக்கடையில் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அவர்களுக்கும் முன்பே ஒருவர் இதைச் செய்துகொண்டிருந்தார். அமெரிக்காவின் வெர்மான்ட்டில் அச்சுக்கூடம் நடத்திய ஜான் கோன், பிரிண்டரிலிருந்து வண்ண மைகளை எல்லாம் தூக்கிவிட்டு, எல்லா வழிகளிலும் கருப்பின் வெவ்வேறு அடர்த்திகளை ஓடவிட்டார். பியெசோகிராஃபி என்று பெயர். பின்னாளில் ஏழு சாம்பல்கள் வரை போனார். பால் ரோர்க் என்ற புகைப்படக்காரர் இன்னும் ஒரு படி இறங்கி வந்தார்: ஒரே ஒரு கரிக் கருப்பு மையை வாங்கு, மீதிச் சாம்பல்களை நீயே நீர்த்துச் செய்துகொள் என்று செய்முறையை எல்லோருக்கும் கொடுத்துவிட்டார். இந்த மைகளின் ஆதாரம் கரி. சுத்தமான கார்பன். ஏற்கெனவே எரிந்து முடிந்த பொருளை வெயில் இனிமேல் என்ன செய்ய முடியும்?

இது நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டிய செய்தியும் அல்ல. ஓலையில் எழுத்தாணியால் கீறி, கரியை எண்ணெயோடு குழைத்துத் தேய்த்துத் துடைத்தால் எழுத்து துலங்கும். அந்தச் சுவடிகளைச் செல் அரித்தது, பூச்சி துளைத்தது, ஓரம் ஒடிந்தது. ஏடு போயிற்று, மை போகவில்லை. மிஞ்சிய துண்டில் எழுத்து இன்றும் கருப்பாகத்தான் இருக்கிறது. நான் ரிச்சி தெருவில் வாங்கியதற்கும் ‘மை’ என்றுதான் பெயர் என்பது கொஞ்சம் அநியாயம்.

இருட்டறைக்காரர்கள் இந்த இடத்தில் குறுக்கே வருவார்கள். “அதுக்குத்தான் சொல்றோம், வெள்ளி அச்சுதான் அச்சு. இங்க்ஜெட் எல்லாம் ஜெராக்ஸ்.” பாட்டியின் கணவர் படம் நிலைத்ததைச் சொல்லி அவர்களுக்கு நானே ஆயுதம் கொடுத்துவிட்டேன். வெள்ளி உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. ஆனால் ஹைப்போவைச் சரியாகக் கழுவாத வெள்ளி அச்சு பழுத்துப் போனதை நான் பெட்டி பெட்டியாகப் பார்த்திருக்கிறேன். சேதாரம் பொருளில் மட்டும் இல்லை, அவசரத்திலும் இருக்கிறது. தவிர, இன்று திண்டுக்கல்லில் யார் வீட்டில் இருட்டறை இருக்கிறது? தாளும் மருந்தும் எங்கே கிடைக்கிறது? கிடைக்காததைச் சிபாரிசு செய்வது ஒரு வகைக் கைகழுவல். வெள்ளி இல்லாத ஊரில் கரி இருக்கிறது என்பதுதான் என் கட்சி.

அதில் கஷ்டம் இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன். என் பழைய ஏ3 எப்சன் பிரிண்டரைக் கருப்புக்கென்றே ஒதுக்கினேன். ஆறு வழிகளையும் கழுவி எடுக்கவே ஒரு வாரம். வரவழைத்த கரி மை ஒரு பாட்டில். அதை நீர்க்கக் காய்ச்சி வடித்த நீர், கிளிசரின், இருட்டறையில் ஃபிலிமைக் கடைசியாக முக்கியெடுப்போமே அந்த போட்டோஃப்ளோ சில துளி. முழுக் கருப்பு ஒன்று, பிறகு வெளுத்துக்கொண்டே போகும் ஐந்து சாம்பல்கள். கடைசிச் சாம்பலில் மை நூற்றுக்கு இரண்டு பங்குதான். சமையல்கட்டில் அளவு சிரிஞ்சோடு நின்ற என்னைப் பார்த்து மனைவி, “ரசத்துக்குக்கூட இப்படி அளந்ததில்ல” என்றாள். பிரிண்டரோடு வரும் ட்ரைவர் இதற்கு உதவாது. மஞ்சள் வழியில் சாம்பல் ஓடுவது அதற்குத் தெரியாது. ராய் ஹாரிங்டன் எழுதிய க்வாட்டோன் ரிப் என்ற மென்பொருள்தான் எந்த வழியில் என்ன அடர்த்தி என்பதை நாமே சொல்லிவைக்க விடுகிறது. இருபத்தொரு கட்டச் சாம்பல் ஏணி ஒன்றை அச்சிட்டு, ஸ்கேனரில் அளந்து, திருத்தி, மறுபடி அச்சிட்டு… மூன்று மாதம் போனது. கரித் துகள் அடியில் தங்கிவிடும், வாரம் ஒருமுறை குலுக்க வேண்டும். இரண்டு நாளைக்கொரு முறை ஒரு தாளாவது ஓட்டாவிட்டால் நம் ஊர்க் கோடையில் நாசில் அடைத்துக்கொள்ளும். ஒரு ஹெட்டையே அப்படிக் கொன்றேன்.

கரி தரும் கருப்புக்கும் எல்லை உண்டு. பளபளத் தாளில் அது சரிப்படாது. பஞ்சுக் கூழில் செய்த மேட் தாள் வேண்டும். மேட் தாளின் ஆழ்கருப்பு, பளபளத் தாளின் கருப்பு அளவுக்கு ஒருநாளும் இறங்காது. பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கரி அச்சு கொஞ்சம் சோகையாகத் தெரியும். தனியாகச் சுவரில் பார்த்தால் தெரியாது. நிறமும் சுத்த நடுநிலை அல்ல, பழுப்பின் பக்கம் சாயும். சிலர் அதைத் திருத்த நீல நிறமி சேர்ப்பார்கள். நான் சேர்ப்பதில்லை. நீலம் சேர்த்தால் மறுபடியும் இரண்டு பேர் தூக்கும் கட்டில்.

நண்பரின் கடைசி அஸ்திரம் ஒன்று பாக்கி இருக்கிறது. “மங்கினா என்ன? ஃபைல் இருக்கே, மறுபடி போட்டுக்கலாம்.” உங்களிடம் ஃபைல் இருக்கிறது ஐயா. வாங்கிக்கொண்டு போனவரிடம் தாள் மட்டும்தான் இருக்கிறது. அவருக்கு உங்கள் வீடு தெரியாது. படம் மங்கும் என்பதே தெரியாது. மங்கினால் அந்த அம்மாவைப் போலத் தன் சுவரின் மேல் பழி போட்டுக்கொள்வார்.

மைப் பெட்டியில் போட்டிருக்கும் ‘இருநூறு ஆண்டு, முந்நூறு ஆண்டு’க் கணக்கையும் அவரிடம் காட்டாதீர்கள். பல வேளை அந்த எண், வெளிச்சமே படாமல் ஆல்பத்துக்குள் மூடிவைத்தால் என்ற நிபந்தனையோடு வருவது. சுவரில் மாட்டும் கணக்கு வேறு. இந்தத் துறையில் பெயர்பெற்ற ஹென்றி வில்ஹெல்மின் சோதனைகள்கூட ஒரு நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரம், 450 லக்ஸ் வெளிச்சம், 24 டிகிரி வெப்பம் என்று வைத்துச் செய்யப்பட்டவை. சின்னாளப்பட்டியில் 24 டிகிரி என்பது மார்கழி. ஜன்னலுக்கு எதிர்ச் சுவரும், திறந்த வாசலும், தெருப் புகையும் எந்தப் பெட்டியிலும் அச்சிடப்படவில்லை.

எல்லோரும் சமையல்கட்டில் மை கரைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. பணம் இருப்பவர் இரண்டு மூன்று சாம்பல் மைகள் உள்ள நிறமி பிரிண்டர் வாங்கலாம். வண்ணப் படத்துக்கும் ஆகும். பணம் இல்லாதவர், நிறமிக் கருப்பு உள்ள சாதாரண பிரிண்டரில் மேட் தாள் போட்டு, கருப்பு மையை மட்டும் பயன்படுத்தச் சொல்லி அச்சிடலாம். வெளிச்சப் பகுதிகளில் கொஞ்சம் புள்ளி புள்ளியாக இருக்கும், பழைய வேக ஃபிலிமின் மணல் மாதிரி. ஆனால் அந்தப் புள்ளி ஒவ்வொன்றும் கருப்பு. மை நிறமியா என்று சந்தேகமா? சாதாரணத் தாளில் ஒரு வரி அச்சிட்டு, காய்ந்தபின் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுத் தேயுங்கள். சாயம் ஓடும். பாட்டில் மேல் ஒட்டிய லேபிளைவிட அந்தச் சொட்டை நம்பலாம். சாய மை மட்டுமே இருக்கிறது என்றால் அதையும் போடுங்கள், தப்பில்லை. கண்ணாடிச் சட்டத்துக்குள் அடைத்துக் கொடுங்கள். பின்னால் பென்சிலில் வருடத்தையும் ‘சாய மை, மங்கும், என்னிடம் வேறு பிரதி கேட்கவும்’ என்பதையும் போன் நம்பரையும் எழுதிவிடுங்கள். நான் சண்டை போடுவது சாயத்தோடு அல்ல. சொல்லாமல் கொடுப்பதோடு.

நான் அந்த நாற்பது படங்களையும் கரி மையில் மறுபடி அச்சிட்டேன். ஒரு வருடம் பிடித்தது. பாட்டி வீட்டுக்குத்தான் முதலில் கொண்டுபோனேன். மகள் புதிய படத்தைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, “அம்மா மண்ணுக் கலர்ல இருக்காங்களே” என்றார். கரி அப்படித்தான் வரும் என்றேன். சட்டத்தைக் கழற்றிப் பழையதின் மேலேயே புதியதை வைத்து மூடிவிட்டார். பச்சைப் படத்தைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. “இருக்கட்டும் தம்பி, அதுவும் அம்மாதான்.”

முப்பத்தேழு வீடுகளுக்குக் கொடுத்தாயிற்று. மூன்று பாக்கி. அதில் இரண்டு குடும்பங்கள் தறியை விற்றுவிட்டுத் திருப்பூருக்குப் போய்விட்டார்களாம். பனியன் கம்பெனியில் வேலை என்கிறார்கள், எந்தக் கம்பெனி என்று தெருவில் யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.